ஆவி, தேன், உப்புத் தண்ணீர்: சளிக்கு எது எதற்கு, எவ்வளவு?

நவம்பர் 12, காலை 7.10 | தூறல்

சளி தொடங்கிய அன்றே நான்கு முறை ஆவி பிடித்தால் வைரஸ் மூக்கிலேயே செத்துவிடும், காய்ச்சல் வரை போகாது என்று ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே தேன், இஞ்சி, உப்புத் தண்ணீர், வைட்டமின் சி, பூண்டு என்று நீளப் பட்டியல். இதில் எது வேலை செய்யும், எது சும்மா? அளவோடு சொல்லுங்கள். "கொஞ்சம் உப்பு" என்றால் எவ்வளவு கொஞ்சம்?

நவம்பர் 12, காலை 8.25 | கடுகு

சாகாது. வைரஸ் மூக்கின் உள்தோலில் செல்களுக்குள் புகுந்துதான் பெருகுகிறது. அதைக் கொல்லும் அளவு சூடு உள்ளே போனால் முதலில் வேகப்போவது மூக்குதான்.

சளியைக் குணப்படுத்தும் வீட்டு மருந்து என்று எதுவும் கிடையாது. 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் சாதாரணச் சளியைத் தருகின்றன. ரைனோ வைரஸ்தான் அதில் பெரும்பங்கு. எதைக் குடித்தாலும் எதை முகர்ந்தாலும் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், பிறகு இறங்குமுகம். மூன்றாம் நாள் குடித்த கஷாயத்துக்கு நல்ல பெயர் கிடைப்பது இப்படித்தான்.

ஆனால் ஒவ்வொரு தொந்தரவுக்கும் தனித்தனியாக உதவுகிறவை உண்டு. மூக்கடைப்புக்கு உப்பு நீர், இருமலுக்குத் தேன், தொண்டைக்குக் கொப்பளிப்பு, உடல்வலிக்கு ஓய்வும் பாராசிட்டமாலும். பட்டியலை மொத்தமாக ஒரே டம்ளரில் கரைத்துக் குடிப்பதில் பயனில்லை.

நவம்பர் 12, காலை 8.40 | கடுகு

அளவு கேட்டீர்கள். கொப்பளிக்க: 240 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், தூள் உப்பு தட்டையாக அரை டீஸ்பூன். தலையைப் பின்னால் சாய்த்து 15 முதல் 30 விநாடி தொண்டையில் களகளவென்று ஓடவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. ஒரு டம்ளர் தீரும் வரை. நாளுக்கு மூன்று நான்கு முறை. கரித்தால் உப்பு கூடுதல், கண்ணீர் சுவையில் இருந்தால் சரி. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, பாதியை விழுங்கும், விட்டுவிடுங்கள்.

நவம்பர் 12, மதியம் 1.05 | சுண்டைக்காய்

கொப்பளிப்புக்கு உப்பே வேண்டுமா என்பதிலேயே சந்தேகம் இருக்கிறது. ஜப்பானில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில் தினமும் வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குச் சளி குறைவாக வந்தது. போவிடோன் அயோடின் கரைசலில் கொப்பளித்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. கிருமிநாசினி என்றால் கூடுதல் நல்லது என்கிற கணக்கு அங்கே உதைக்கிறது.

நவம்பர் 12, மதியம் 1.30 | கடுகு

அது வராமல் தடுப்பது பற்றிய ஆய்வு. வந்த பிறகு வலிக்கிற தொண்டைக்கு உப்பு சேர்ப்பது வீக்கத்திலிருந்து கொஞ்சம் நீரை வெளியே இழுக்கவும் ஒட்டியிருக்கும் கோழையைத் தளர்த்தவும். இரண்டும் வேறு வேறு வேலை. அயோடின் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான்: தொண்டை வலிக்கிறது என்றதும் காரமான மருந்துக் கரைசலைத் தூக்க வேண்டாம்.

நவம்பர் 12, இரவு 9.50 | கடுகு

ஆவிக்குத் திரும்புகிறேன், காலையில் பாதியில் விட்டது.

சூடு பற்றிய நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. ரைனோ வைரஸ் 33 முதல் 35 டிகிரியில், அதாவது உடம்பின் உள்சூட்டை விடக் குளிர்ச்சியான மூக்கில் செழிக்கும். இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் 1946-ல் தொடங்கிய சளி ஆராய்ச்சிப் பிரிவின் டேவிட் டைரல் குழு, 43 டிகிரி சூடான ஈரக்காற்றைக் கருவி மூலம் மூக்குக்குள் செலுத்திப் பார்த்தது. 1989-ல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களும் உறுதியான நன்மை இல்லை என்றே முடித்தார்கள். கவனியுங்கள், அது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. போர்வைக்குள் குண்டான் வைத்துச் செய்வதில் வெப்பம் முதல் நிமிடத்தில் தாங்க முடியாது, ஐந்தாம் நிமிடத்தில் ஒன்றுமில்லை.

பின்னே ஏன் சுகமாக இருக்கிறது? ஈரம் காய்ந்த கோழையை இளக்குகிறது. அரைமணி நேரம் மூக்கு லேசாக இருக்கும். அந்த அரைமணிக்காகப் பிடிப்பதில் தப்பில்லை.

பிடிப்பதாக இருந்தால்: தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அடி அகலமான, கனத்த பாத்திரம். அதை மடியிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துவிட்டு நின்றபடி குனிந்தால் கவிழ்ந்தாலும் தண்ணீர் தொட்டிக்குள்தான் போகும். முகத்துக்கும் தண்ணீருக்கும் 30 செ.மீ. இடைவெளி, கண் மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம். முகத்தில் சுருக்கென்றால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். துண்டைக் கூடாரமாக இறுக்க வேண்டாம், பக்கவாட்டில் திறந்திருக்கட்டும்.

குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஆவியால் சுடுவது அபூர்வம். கவிழ்ந்த வெந்நீர் தொடையிலும் வயிற்றிலும் கொட்டித்தான் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுபோகிறார்கள். குளியலறைக் கதவைச் சாத்தி வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டு, நீர் மேலே படாமல் குழந்தையுடன் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்தால் அதே ஈரம் கிடைக்கும்.

நவம்பர் 13, காலை 6.55 | பஞ்சுமிட்டாய்

அந்தத் தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் போடுவது? அது போட்டால்தானே மூக்கு திறக்குது.

நவம்பர் 13, காலை 7.40 | கடுகு

திறப்பதில்லை, திறந்த மாதிரி இருக்கிறது. மெந்தால், யூகலிப்டஸ் வாசனை மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயிலைத் தட்டிவிடுகிறது. குளிர்ந்த காற்று உள்ளே போவதாக மூளை நம்பிவிடும். கருவி வைத்து அளந்தால் காற்றோட்டம் பழையபடிதான். டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது சூட்டையும் குளிரையும் உணரும் இந்த மாதிரி வாயில்களைக் கண்டதற்காக. ஏமாற்றுதான், ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் நல்ல ஏமாற்று. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். அதற்கு மேல் போனால் கண் எரிந்து தொண்டை கமறும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பைக் கிளப்பலாம்.

குழந்தைகள் விஷயம் வேறு. கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்கள் இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது. மூக்கின் கீழே தடவினால் கைக்குழந்தையின் குரல்வளை இறுகி மூச்சுத் தடைபடலாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரும்; யூகலிப்டஸ் தைலமும் சில மி.லி. விழுங்கினாலே ஆபத்து. பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், மூடி இறுகியிருக்கட்டும்.

நவம்பர் 13, காலை 7.52 | தூறல்

அப்போ பாதிச் சளி மருந்து மூளையை ஏமாற்றும் மருந்தா?

நவம்பர் 13, காலை 8.01 | கடுகு

பாதிக்கு மேல். இருமல் சிரப்பில் இன்னும் கூடுதல். அதனால் அது சும்மா என்று ஆகாது. இரவு மூன்று மணிக்குத் தூக்கம் வந்தால் சரி.

நவம்பர் 13, இரவு 8.15 | கடுகு

மூக்கைக் கழுவுவது. இந்த இழையில் ஒன்றே ஒன்றைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பலன் உள்ளது, ஆபத்தும் உள்ளது. ஆபத்து முழுக்கத் தண்ணீரில்.

குழாய்த் தண்ணீர் நேராகக் கூடாது. குடித்தால் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும் கிருமிகள் மூக்குக்குள் போனால் அப்படிப் போகாது. நெக்லீரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கின் மேற்கூரை வழியாக மூளைக்குப் போய்விடும். அமெரிக்காவில் லூசியானாவில் 2011-ல் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். மிக மிக அரிது. ஆனால் வந்தால் பிழைப்பது அதை விட அரிது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப் பகுதியில் மூன்று நிமிடம்; பிறகு மூடி வைத்து ஆறவிடவும். அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர். சாதாரண வடிகட்டிக் குடுவையில் வடிந்தது போதாது.

உப்பு: அரை லிட்டருக்கு 4.5 கிராம். அது 0.9 சதவீதம், உடம்பு நீரின் உப்பளவு. தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம், ஆகவே முக்கால் டீஸ்பூன். அயோடின், உதிரியாக இருக்கச் சேர்க்கும் பொருள் இரண்டும் இல்லாத உப்பாக இருந்தால் எரிச்சல் குறையும். கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதம்.

நிறையப் பேர் ஒருமுறை செய்து "மண்டை வரை எரிஞ்சது" என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் உப்பு கூடியதல்ல, குறைந்தது. உப்பில்லாத தண்ணீர் பட்டால் உள்தோல் செல்கள் நீரை இழுத்து உப்பிவிடும். ஆற்றில் முங்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் வருகிற அதே எரிச்சல். கல் உப்பை ஸ்பூனில் அளந்தாலும் இதுதான் நடக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருப்பதால் எடை குறையும். சின்னத் தராசு இருந்தால் ஸ்பூனை மறந்துவிடுங்கள்.

செய்முறை: வெதுவெதுப்பாக, உடம்புச் சூட்டில். தொட்டியின் மேல் குனிந்து தலையை ஒரு பக்கம் சாயுங்கள், நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் வரும்படி. மேல் மூக்குத் துளையில் மெதுவாக ஊற்ற, கீழ்த் துளை வழியாக வடியும். வாயால் மூச்சு. "ஆ" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தொண்டைக்குப் போகாது. பக்கத்துக்கு 100 முதல் 120 மி.லி. முடிந்ததும் குனிந்தபடியே ஒவ்வொரு பக்கமாக லேசாகச் சீறுங்கள். இரண்டையும் மூடிக்கொண்டு ஓங்கிச் சீறினால் தண்ணீர் காதுக்குப் போகும், காது கும்மென்று அடைக்கும்.

முழுசாக அடைத்துக்கிடக்கும் மூக்கில் ஊற்றாதீர்கள். ஒரு பக்கம் கொஞ்சமாவது காற்று போகிற நேரம் பாருங்கள். காதுவலி இருந்தால் வேண்டாம். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரமாக மூடிவைத்தால் உள்ளே பாசி வழவழக்கும்.

நவம்பர் 13, இரவு 8.50 | சுண்டைக்காய்

எடின்பரோவில் செய்து 2019-ல் வெளியிட்ட சிறு ஆய்வில் இதை விடக் கெட்டியான உப்பு நீர் பயன்படுத்தினார்கள். மூக்கையும் கழுவி, தொண்டையும் கொப்பளித்தவர்களுக்குச் சளி ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. "எதைச் செய்தாலும் பத்து நாள்" என்று மேலே அடித்துச் சொன்னதை இதற்காகவாவது தளர்த்த வேண்டும்.

நவம்பர் 13, இரவு 9.20 | கடுகு

66 பேர் பங்கேற்ற முன்னோட்ட ஆய்வு. தாங்கள் கழுவுகிறோமா இல்லையா என்பது அவர்களுக்கே தெரியும், மறைக்க வழியில்லை. ஆகவே "ஒருவேளை குறைக்கலாம்" என்று எழுதிக்கொள்கிறேன். முயல நினைப்பவர்கள் 2 சதவீதத்தில், அதாவது அரை லிட்டருக்கு 10 கிராமில் தொடங்கலாம். 3-ஐத் தாண்ட வேண்டாம். எரிந்தால் 0.9-க்குத் திரும்புங்கள், அடைப்புக்கு அதுவே போதும்.

நவம்பர் 14, காலை 7.30 | பஞ்சுமிட்டாய்

எட்டு மாசக் குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டு வைக்கலாமா? ஒரு சொட்டுதானே.

நவம்பர் 14, காலை 7.34 | கடுகு

ஒரு சொட்டும் கூடாது. ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது, கைக்குழந்தை குடலில் முளைத்து நச்சு சுரந்து தசைகளைத் தளரச் செய்யும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கும் வலு குறையும், அழுகை ஈனமாகும், தலை நிற்காது. தேனைக் கொதிக்கவைத்தாலும் வித்து சாகாது; அதற்கு அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும்.

எட்டு மாதத்துக்கு: உப்பு நீர்ச் சொட்டு (கடையில் கிடைக்கும் 0.9 சதவீதம்) ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று. ஒரு நிமிடம் பொறுத்து ரப்பர் பந்து உறிஞ்சியால் எடுங்கள். பந்தை முதலில் அமுக்கிவிட்டுப் பிறகு நுனியை வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு அமுக்கினால் சளி பின்னால் போகும். பால் கொடுப்பதற்குப் பத்து பதினைந்து நிமிடம் முன்பு. கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அடைத்துக்கொண்டால் பால் குடிக்க முடியாமல் அழும். பசியில்லை என்று நினைத்துவிடுவார்கள். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் உறிஞ்ச வேண்டாம், உள்தோல் வீங்கி மறுபடி அடைக்கும்.

நவம்பர் 14, காலை 9.10 | கடுகு

ஒரு வயது தாண்டியவர்களுக்குத் தேன் உண்மையிலேயே நல்ல இருமல் மருந்து. தூங்குவதற்கு அரைமணி முன்பு: 1 முதல் 5 வயது அரை டீஸ்பூன், 6 முதல் 11 ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் இரண்டு டீஸ்பூன். 2007-ல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் இரவு இருமலுக்கு ஒரு வேளைத் தேன், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்ற இருமல் சிரப்புக்குச் சளைக்காமல் நின்றது. தண்ணீரில் கரைத்தால் பாதி பயன் போய்விடும். கெட்டியாகத் தொண்டையில் படிவதும் எச்சில் ஊறவைப்பதும்தான் அதன் வேலை. நக்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே தண்ணீர் குடிக்காதீர்கள். அதற்குப் பிறகு பல் தேய்த்துக்கொண்டே படுக்க வேண்டும், இது எல்லோரும் விட்டுவிடும் இடம். சர்க்கரை நோயாளிகள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 14, காலை 9.40 | தூறல்

சூடான தண்ணீரில் தேன் விட்டால் விஷம் என்கிறார்களே?

நவம்பர் 14, காலை 9.46 | கடுகு

விஷமாகாது. சூட்டில் மணமும் சில நொதிகளும் போகும். அவ்வளவே.

நவம்பர் 14, மாலை 6.20 | கடுகு

இஞ்சி, பூண்டு, இதர வாசனைகள்.

இஞ்சி வைரஸை ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் காரம் எச்சிலையும் மூக்கு நீரையும் சுரக்கவைக்கும், கெட்டிப்பட்டது இளகும். கட்டைவிரல் நீளத் துண்டைத் தோல் சீவித் தட்டி, 300 மி.லி. தண்ணீரில் மூடி போட்டு மிதமான சூட்டில் பத்து நிமிடம். தட்டாமல் முழுசாகப் போட்டால் நிறம்தான் வரும். வெறும் வயிற்றில் கெட்டியாகக் குடித்தால் நெஞ்சு எரியும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தினமும் லோட்டா லோட்டாவாகக் குடிக்க வேண்டாம்.

உண்மையில் இதில் பெரும்பங்கு வேலை சூட்டுக்கு. கார்டிஃபில் சளி ஆய்வு மையம் நடத்திய ரான் எக்கிள்ஸ் குழு 2008-ல் ஒரே பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தது. சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டைவலி, தும்மல், குளிர், அசதி எல்லாம் குறைந்ததாக உணர்வு. மூக்கின் காற்றோட்டத்தை அளந்தால் மாற்றமில்லை. எனவே எந்த மூலிகை என்று மண்டையைப் போட்டு உடைக்காமல் பிடித்ததைச் சூடாகக் குடியுங்கள். 65 டிகிரிக்குக் கீழே ஆறட்டும். அதற்கு மேற்பட்ட சூட்டில் வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல.

அதிமதுரம் தொண்டைக்கு இதம். ஆனால் நாள்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

பூண்டை மூக்கில் செருகும் காணொளிகள்: எடுத்ததும் சளி கொட்டும், "உள்ளே அடைந்ததெல்லாம் வந்துவிட்டது" என்பார்கள். உள்ளே அடைந்ததல்ல, பூண்டு எரித்த எரிச்சலில் புதிதாகச் சுரந்தது. மிளகாயைச் செருகினால் இன்னும் கொட்டும். வெங்காயத்தைக் காலுறைக்குள் வைத்துத் தூங்கச் சொல்பவர்களுக்கு என் பதில்: வெங்காயத்துக்கு நல்ல தூக்கம் வரும்.

நவம்பர் 15, காலை 8.05 | சுண்டைக்காய்

வைட்டமின் சி, ஜிங்க் இரண்டையும் யாரும் தொடவில்லை.

வைட்டமின் சி: வேதியியலாளர் லைனஸ் பாலிங் இது சளியைத் தடுக்கும் என்று 1970-ல் கிளப்பிவிட்டது இன்னும் அடங்கவில்லை. தொடர்ந்து தினமும் எடுப்பவர்களுக்குச் சளி வருவது குறையவில்லை, நீடிக்கும் காலம் பெரியவர்களில் 8 சதவீதம், குழந்தைகளில் 14 சதவீதம் குறைந்தது. ஏழு நாள் சளியில் 8 சதவீதம் என்றால் அரை நாள் சொச்சம். சளி வந்த பிறகு தொடங்கினால் நிலையான பலன் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் ராணுவத்தினர் மாதிரி உடம்பை முறித்து உழைப்பவர்களுக்கு மட்டும் வருவதே பாதியாகக் குறைந்தது. நாளுக்கு 2 கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இன்னும் வம்பு.

ஜிங்க்: சப்பும் மாத்திரையாக, முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளுக்கு மொத்தம் 75 மி.கி. ஜிங்க் சேரும்படி எடுத்தால் சளி நாள்கள் குறையலாம். குறையலாம் என்றுதான் சொல்ல முடியும், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. விழுங்குவதற்கல்ல, வாயில் மெதுவாகக் கரையவேண்டும். சிட்ரிக் அமிலம் சேர்த்த புளிப்பு மாத்திரையில் ஜிங்க் கட்டுண்டுபோகும், அட்டையைப் பாருங்கள். குமட்டல், வாயில் உலோகச் சுவை சகஜம். ஒரு வாரத்துக்கு மேல் இந்த அளவு வேண்டாம். மூக்கில் தடவும் ஜிங்க் பக்கமே போகாதீர்கள்: வாசனை உணர்வு போய்விடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-ல் எச்சரித்தது.

நவம்பர் 15, காலை 8.30 | கடுகு

இதில் சேர்க்க ஒன்றுமில்லை. என் கணக்கில் ஜிங்க் வாங்கும் காசுக்கு உப்பு வாங்கலாம்.

நவம்பர் 15, இரவு 10.10 | தூறல்

சளி பச்சையாகிவிட்டால் ஆன்டிபயாட்டிக் தேவையா? பால் குடித்தால் கபம் கூடுமா? ரெண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறேன்.

நவம்பர் 15, இரவு 10.35 | கடுகு

பச்சை என்பது வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். அவை வேலை செய்து செத்துச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். சாதாரண வைரஸ் சளியிலேயே மூன்றாம் நான்காம் நாள் மஞ்சளாகிப் பச்சையாகித் திரும்ப வெளுக்கும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கிடையாது. பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி காய்ச்சலும் முகவலியும் ஏறுகிறது: அப்போது பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம்.

பால் கபத்தைக் கூட்டாது. ஆஸ்திரேலியாவில் 1990-ல் வெளியான ஆய்வில் ரைனோ வைரஸ் கொடுக்கப்பட்டவர்களின் சளியை எடைபோட்டே பார்த்தார்கள். பால் அதிகம் குடித்தவர்களுக்கு அதிகம் இல்லை. பால் எச்சிலோடு சேர்ந்து தொண்டையில் கெட்டியாகத் தோன்றும், அதைக் கபம் என்று எண்ணிக்கொள்கிறோம். பிடிக்கவில்லையென்றால் குடிக்க வேண்டாம், குழந்தை குடித்தால் நிறுத்த வேண்டாம்.

நவம்பர் 16, காலை 6.40 | கடுகு

இரவு பற்றிச் சில உதிரிகள்.

படுத்ததும் ஏன் அடைக்கிறது? தலைக்கு ரத்தம் கூடுதலாகப் போய் மூக்கின் உள்தோல் வீங்குகிறது. தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும். மெத்தையின் தலைப்பக்கத்தையே அடியில் ஏதாவது வைத்து உயர்த்துவது மேல். ஒருக்களித்துப் படுத்தால் மேலே இருக்கும் துளை சிறிது நேரத்தில் திறக்கும்.

அறை வறண்டிருந்தால் ஈரமூட்டி உதவும், 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும். அதற்கு மேல் போனால் சுவரில் பூஞ்சை. தண்ணீரைத் தினமும் மாற்றித் தொட்டியைத் தேய்க்காவிட்டால் அது கிருமிகளை அறை முழுக்கத் தெளிக்கும் கருவி.

அடைப்பை உடனே எடுக்கும் மூக்குச் சொட்டு (ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின்) வீட்டு மருந்தல்ல, ஆனாலும் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து. அதைத் தாண்டினால் சொட்டு விடாத நேரமெல்லாம் மூக்கு வீங்கும், அதற்குச் சொட்டு, சொட்டுக்கு வீக்கம் என்று மாதக்கணக்கில் ஓடும்.

நவம்பர் 16, மதியம் 2.15 | சுண்டைக்காய்

தலைப்பில் சளி மட்டும் இருக்கிறது. ஃப்ளூவையும் சளியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுவதுதான் பெரிய சிக்கல். சளி தொண்டைக் கரகரப்பில் தொடங்கி மெல்ல ஏறும். ஃப்ளூ காலையில் நன்றாக இருந்தவரை மாலைக்குள் சாய்த்துவிடும்: 38.5, 39 டிகிரி காய்ச்சல், எலும்பை முறிக்கும் உடல்வலி, வறட்டு இருமல், எழுந்து நடக்கவே முடியாத அசதி. அதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு, ஓசெல்டாமிவிர். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் "நாலு நாள் கஷாயம் பார்ப்போம்" என்று உட்கார்ந்தால் அந்த 48 மணி நேரம் போய்விடும்.

நவம்பர் 16, மதியம் 2.50 | கடுகு

ஆமாம். வீட்டு மருந்தின் பெரிய பக்கவிளைவே தாமதம்தான்.

காய்ச்சலுக்கு: 38 டிகிரி என்பதற்காக மட்டும் மாத்திரை வேண்டியதில்லை, வலியும் சோர்வும் தாங்கவில்லை என்றால் போடுங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 500 மி.கி. முதல் 1 கிராம், ஆறு மணிக்கொரு முறை, 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. ஈரல் கோளாறு, குடிப்பழக்கம், எடை குறைவு என்றால் இன்னும் குறைவு. கூட்டுச் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டு அளவு மீறுவதே வழக்கமான விபத்து. குழந்தைக்கு எடைக்கு ஏற்ப: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. சிரப் ஒரே பெயரில் வெவ்வேறு வீரியத்தில் வரும், 5 மி.லி.யில் எத்தனை மி.கி. என்று பாட்டிலைப் படித்த பிறகே ஊற்றவும். ஆஸ்பிரின் பதினாறு வயதுக்குக் கீழ் கூடாது. ஃப்ளூவோடு சேர்ந்தால் ரேஸ் நோய்க்குறி என்ற மூளை, ஈரல் பாதிப்பு வரலாம்.

ஐஸ் தண்ணீரில் துடைப்பது, ஸ்பிரிட் தடவுவது வேண்டாம். நடுக்கம் வந்து உடம்பு இன்னும் சூட்டை உண்டாக்கும். போர்வையைக் குறைத்து மெல்லிய துணியோடு விடுங்கள்.

"நிறையத் தண்ணீர்" என்கிறார்கள், எவ்வளவு என்று சொல்வதில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். அடர்ந்து குறைந்தால் போதவில்லை. குடிக்க மறுக்கும் குழந்தைக்கு வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் புகட்டினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும்; அடிக்கடி இரண்டு வாய் என்று கொடுங்கள்.

நவம்பர் 17, காலை 7.20 | பஞ்சுமிட்டாய்

குழந்தைக்கு மூச்சு வாங்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாச் சளியிலும் கொர் கொர்னுதான் இருக்கு.

நவம்பர் 17, காலை 7.45 | சுண்டைக்காய்

சத்தத்தை விடுங்கள், எண்ணுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு முதல் பதினொரு மாதம் 50, ஒன்று முதல் ஐந்து வயது 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வேகமூச்சு, மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குக் கீழ் 38 டிகிரி காய்ச்சல் என்றாலும் அப்படியே. உதடு நீலம், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு: இவை எதற்கும் வீட்டு மருந்து கிடையாது.

பெரியவர்களுக்கு: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, பேச்சில் குழப்பம், தணிந்து திரும்பிய காய்ச்சல்.

நவம்பர் 17, காலை 8.10 | தூறல்

கடைசியாக ஒன்று. இருமல் மட்டும் போகவில்லையென்றால் எத்தனை நாள் பொறுக்கலாம்?

நவம்பர் 17, காலை 8.22 | கடுகு

மற்றதெல்லாம் போய் வறட்டு இருமல் மட்டும் மூன்று வாரம் வரை நிற்கலாம், கெடுதல் இல்லை. அதுவரை இரவில் தேன், காலையில் உப்பு நீரில் மூக்கு கழுவல். மூக்கிலிருந்து தொண்டைக்கு வடிவதே பாதி இருமலுக்குக் காரணம். மூன்று வாரம் தாண்டினால், அல்லது அதற்கு முன்பே ரத்தம், எடை குறைவு, இரவு வியர்வை, மூச்சிழுப்பு எது தென்பட்டாலும் நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.